நண்டு நிறுக்கத் தெரிஞ்ச பெடியனுக்கு ஏன் கணக்கு வரேல்லை

எங்கட பின்னேர வகுப்பைப் பற்றி ஆரிட்டைச் சொன்னாலும் முதல் வாற கேள்வி ஒண்டு தான். "எத்தினை பேர் பாஸ்?" யாழ்ப்பாணத்திலை படிப்பெண்டால் ரிசல்ற், ரிசல்ற் எண்டால் மதிலிலை பனர், பேப்பரிலை படம், ரியூசன் வாசல்லை ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின்ர முகம் ஆளுயரத்துக்கு. எங்கட வகுப்பிலை ஆரும் பாஸ் பண்ணேல்லை, ஏனெண்டால் அங்கை சோதினையே இல்லை. வாறது எல்லாம் வேலைக்குப் போற பிள்ளையள். பத்து வயசிலை இருந்து பதினைஞ்சு வயசு வரைக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கவும், ஒரு துண்டைப் பார்த்து கணக்கு சரியா பிழையா எண்டு சொல்லவும் பழக்கிறது தான் எங்கட வேலை, அதுக்கு மேலை ஒண்டும் பெரிசா இல்லை.

இடம் ஒரு சனசமூக நிலையம். கடல்நீரேரிக் கரையிலை ஒரு ஊர், பேர் சொல்லேல்லை, சொன்னால் பிள்ளையளை ஆர் எவர் எண்டு கண்டுபிடிச்சிடுவினம். பேப்பர் வாசிக்கிற அப்புமார் போனாப் பிறகு அந்த நீட்டு மேசையும் வாங்கும் எங்களுக்கு. நானும் என்னோட வேலை செய்யிற ரெண்டு மூண்டு பேரும், ஒரு ரிட்டயர் ஆன ரீச்சரும் தான் படிப்பிக்கிறம், கம்பஸ் பெடியள் வரேக்கை வருவினம், எக்ஸாம் எண்டால் காணாமல் போயிடுவினம், குறை சொல்ல ஏலாது.

வாற பிள்ளையள் என்ன வேலை செய்யினம் எண்டு கேட்டால், "வேலை" எண்டு அவையளே சொல்ல மாட்டினம். விடியப்புறம் வள்ளம் கரைக்கு வந்தவுடனை வலையிலை நண்டு கழட்டுறது. அது சின்னக் கையளுக்குத் தான் லேசு எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். நண்டின்ர கால் முறியாமல் கழட்ட வேணும், முறிஞ்சால் விலை குறையும், கழட்டுறவனின்ர விரல் கிழிஞ்சால் ஒண்டும் குறையாது. வேறை சிலர் சந்தையிலை மூட்டை இறக்கிறது, மேசன்மாருக்கு கையாள், கராஜிலை நட்டுக் கழுவுறது. உள்ளுக்கை செம்மண் பக்கம் போனால் வெங்காயம் நடுறது, கிண்டுறது, பிடி கட்டுறது. அங்கத்தைப் பிள்ளையளுக்கு வெங்காயச் சீசன் தான் பள்ளிக்கூட லீவு.

இதிலை கனபேருக்கு விளங்காத விசயம், இந்தப் பிள்ளையள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலை பேர் இருக்கு. இடைவிலகல் கணக்கிலை இவையள் வரமாட்டினம். கிழமைக்கு ரெண்டு நாள் போவினம், கடைசி வாங்கிலை நித்திரை கொள்ளுவினம், இடாப்பிலை பேர் ஓடிக்கொண்டே இருக்கும், வகுப்பும் தானா ஏறிக்கொண்டே போகும், எட்டாம் ஆண்டு எண்டுவினம், தன்ர பேரின்ர கடைசி எழுத்துக்கு புள்ளி வைக்கிறதா இல்லையா எண்டு தெரியாது. 2016 இலை தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு செய்தது, அஞ்சு வயசிலை இருந்து பதினேழு வரைக்கும் 103,704 பிள்ளையள் ஏதோ ஒரு வேலை செய்யினம், அதிலை 43,714 பேர் சிறுவர் தொழிலாளர், அதுக்குள்ளையும் 39,007 பேர் ஆபத்தான வேலை எண்டு வந்தது. நாட்டிலை அந்த வயசுப் பிள்ளையளிலை நூற்றுக்கு ஒராள் தான் சிறுவர் தொழிலாளர், மற்ற நாடுகளோட பார்த்தால் நல்ல எண் தான், அதைச் சொல்லி பெருமைப்படுகினம், படட்டும். ஆனால் அந்த 43,714 பேரிலை பத்திலை ஒம்பது பேர் செய்யிறது ஆபத்தான வேலை எண்டதை ஆரும் சேர்த்துச் சொல்லுறேல்லை. குறைஞ்ச பேர், ஆனால் அந்தக் குறைஞ்ச பேர் செய்யிறது பொல்லாத வேலை. அதோட 2022 இலை நாட்டின்ர பொருளாதாரம் விழுந்ததுக்கு முந்தின எண் இது.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டாயக் கல்வி 1998 இலை இருந்து அஞ்சு தொடக்கம் பதினாலு வயசு வரை, 2016 இலை அதைப் பதினாறாக்கினவை. வேலைக்கு எடுக்கக்கூடிய ஆகக்குறைஞ்ச வயசும் 2021 இலை பதினாலிலை இருந்து பதினாறாச்சுது. அதாவது பதினாறு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம், அதுக்குப் பிறகு தான் வேலை, நடுவிலை ஓட்டை இல்லை, கடதாசியிலை வடிவா இருக்கு. கரையிலை போய் ஒரு சம்மாட்டியிட்டை, அதுதான் வள்ளத்துச் சொந்தக்காரரிட்டை, கேட்டுப் பாருங்கோ. "அவன் வேலைக்கு வரேல்லை பிள்ளை, தாயோட சும்மா வந்தவன்." சும்மா வந்தவன்ர கையிலை போகேக்கை காசு இருக்கும்.

சரி, தலைப்புக்கு வாறன். பேர் அன்ரன் எண்டு வைப்பம், அவன்ர உண்மையான பேர் இல்லை. பதின்மூண்டு வயசு. முதல் கிழமை நான் அவனைச் சோதிக்கிறதுக்கு கொப்பியிலை 1400 ஐ 4 ஆல வகுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தன். பென்சிலை வாயிலை வைச்சான், சுவரைப் பார்த்தான், பேந்து எனக்குச் சந்தோசம் வரட்டும் எண்டோ என்னவோ 14 எண்டு எழுதிப்போட்டு ரெண்டு பூச்சியத்தையும் வெட்டிவிட்டான். அடுத்த நாள் அவன்ர தாய் நண்டு விக்கிற இடத்துக்குப் போனன். தராசிலை மூண்டு கிலோவும் இருநூற்றைம்பதும் காட்டுது, கிலோ ஆயிரத்து நானூறு. கொம்பனி வாகனத்துக்காரர் போனை எடுத்து கல்குலேட்டரைத் தட்டத் தொடங்க முந்தி அன்ரன் சொல்லுறான், "நாலாயிரத்து ஐஞ்சூற்றைம்பது அண்ணை". எப்பிடியடா எண்டு கேட்டன். "மூண்டு கிலோ நாலாயிரத்து இருநூறு, கால் கிலோ முந்நூற்றைம்பது." கால் கிலோ எப்பிடி முந்நூற்றைம்பது? என்னைப் பார்த்த பார்வை, உதுகும் தெரியாமலோ எங்களுக்கு படிப்பிக்க வாறியள் எண்ட மாதிரி. "ஆயிரத்து நானூறின்ர அரைவாசி எழுநூறு, அதின்ர அரைவாசி முந்நூற்றைம்பது தானே அக்கா."

1400 ஐ 4 ஆல வகுக்கிறது தான் அது! அதே கணக்கு, அதே பெடியன், ஒரு நாள் வித்தியாசம்.

இது எங்கட கரையிலை மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை எண்டு பிறகு தான் வாசிச்சன். பிரேசிலிலை ரெசிபே எண்ட நகரத்திலை தெருவிலை சாமான் விக்கிற பிள்ளையள் அஞ்சு பேரை வைச்சு ஒரு ஆய்வு, 1985 இலை வந்தது. ஆராய்ச்சிக்காரர் வாடிக்கையாளர் மாதிரிப் போய் இளநி, எலுமிச்சங்காய் விலை கேட்டால் நூற்றுக்கு 98 சரி, அதே கணக்கை வெறும் எண்ணா பேப்பரிலை குடுத்தால் 37 தான். அதிலை ஒரு பெடியன்ர கதை எனக்குச் சரியான விருப்பம். ஒரு தேங்காய் 35, பத்துத் தேங்காய் எவ்வளவு எண்டு கேக்கினம். பள்ளிக்கூடத்திலை சொல்லிக் குடுக்கிறது பின்னாலை பூச்சியம் போடு எண்டு. அவன் அப்பிடிச் செய்யேல்லை, மூண்டு காய் 105, இன்னும் மூண்டு போட 210, இன்னும் மூண்டு போட 315, இன்னொண்டு, 350 எண்டு முடிக்கிறான், ஏனெண்டால் சனம் அவனிட்டை மூண்டு மூண்டாத் தான் வாங்குது. நோபல் பரிசு வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆக்களும் சேர்ந்து கொல்கத்தா, டெல்லிச் சந்தையளிலை வேலை செய்யிற பிள்ளையளை வைச்சு இதையே பெரிசாச் செய்து 2025 இலை வெளியிட்டிருக்கினம். சந்தைப் பிள்ளைக்கு கொப்பிக் கணக்கு வரேல்லை. அது தெரிஞ்சது தானே. ஆனால் அதோட விடேல்லை, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போற பிள்ளையளை சந்தைக் கணக்கு செய்யச் சொல்லியிருக்கினம், அதுகளும் தடுமாறுதுகள். ரெண்டு பக்கமும் பாலம் இல்லை.

எங்கட ரியூசன் பிள்ளையள் சிலரை ஒருநாள் மீன் சந்தையிலை விட்டுப் பார்க்க வேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை இருக்கு. தாய்மார் அடிக்க வருவினம்.

அதுக்குப் பிறகு வகுத்தலை நாங்கள் காசிலை தான் தொடங்கிறது. ஐஞ்சூறு, ஐம்பது, இருபது தாள் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு ஆயிரம், நூறு, பத்து மட்டும் வைக்கிறது. கடதாசியை வெட்டி பிள்ளையளே கீறினது, ஒருத்தன் யானையைக் கீறி அதுக்கு மீசையும் வைச்சவன். இப்ப ஆயிரத்து நானூறை நாலு பேருக்குப் பிரி. ஒரு ஆயிரம் ரூவாத் தாளை நாலு பேருக்குக் குடுக்க ஏலாது, அப்ப என்ன செய்வாய்? "மாத்த வேணும்." மாத்து. பத்து நூறு வரும், ஏற்கனவே நாலு, பதினாலு நூறு. நாலு பேருக்கும் மூண்டு மூண்டு, மிச்சம் ரெண்டு. அதையும் பத்துப் பத்தா மாத்து, இருபது பத்து, ஆளுக்கு அஞ்சு. முந்நூற்றைம்பது. இதைக் கையாலை செய்து முடிச்ச பிறகு பக்கத்திலை கொப்பியிலை அதே ஒழுங்கிலை எழுதிக் காட்டினால் அந்த நெடும் பிரித்தலிலை வாற ஒவ்வொரு படியும் ஏன் எண்டு விளங்குது, "மேலை இருந்து இறக்கு" எண்டு சும்மா வாய்ப்பாடமாச் சொல்லத் தேவையில்லை. அன்ரனுக்கு இது பிடிபட்ட அண்டைக்கு அவன் கேட்டது, "இதைத் தானோ ரீச்சர் அஞ்சாம் ஆண்டிலை செய்தவ?" ஓமடா, இதைத் தான்.

கணக்கு ஒருமாதிரி வந்திடும், அவையளிட்டை ஏற்கனவே இருக்கிறது தானே. வாசிப்பு தான் சீவனை எடுக்கிறது. பதின்மூண்டு வயசுப் பெடியனிட்டை முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் குடுத்து படத்தைப் பார்த்து "அ... அம்மா" சொல்லு எண்டால் அவன் அடுத்த நாள் வரமாட்டான், வந்தால் நீங்கள் அதிஸ்டசாலி. வெக்கம். அவன் விடிய எழும்பி உழைச்சு வீட்டுக்கு அரிசி வாங்கிக் குடுக்கிற ஆள், அவனுக்கு மீசை அரும்புது, அவனைப் போய் அணில் படத்துக்கு முன்னாலை இருத்தினால் எப்பிடி. அதோட 247 எழுத்தையும் ஒழுங்கிலை முடிச்சுப் போட்டுத் தான் சொல்லுக்குப் போறது எண்டு நிண்டால் அவனுக்கு மீசை முழுசா வளர்ந்திடும். நாங்கள் செய்யிறது, ஒரு ஏழெட்டு எழுத்து, ப, ட, ம, க, ல, ர, ந, ண், அவ்வளவும் தெரிஞ்சவுடனை சொல்லுக் கட்டுறது. படம், கடல், மரம், பலகை வேண்டாம் அதிலை ஐ வருது, அது பேந்து. பிறகு அரவு, ஆ, இ, உ. கொம்பு கடைசியா. கொம்பு எழுத்துக்கு முன்னாலை நிக்குது, சத்தம் பின்னாலை வருது, இடமிருந்து வலம் ஒவ்வொண்டா வாசிக்கப் பழகின பிள்ளைக்கு "கொ" வைக் கண்டால் மூளை நிண்டிடும், முன்னாலை ஒண்டு பின்னாலை ஒண்டு நடுவிலை க. நாங்கள் சின்னனிலை படிச்சதாலை எங்களுக்கு இதிலை என்ன கஸ்டம் எண்டே தெரியாது.

வாசிக்கிறதுக்கு என்ன குடுக்கிறது எண்டு முதல் குழம்பினம், பேந்து பார்த்தால் ஊர் முழுக்க எழுத்து. பஸ் போட், மானிப்பாய், காரைநகர், கொடிகாமம். பனடோல் பெட்டி. வள்ளத்திலை எழுதின பேர். எல்லாத்துக்கும் மேலை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்! யாழ்ப்பாணத்திலை எந்த மதிலிலையும் கரண்ட் போஸ்டிலையும் பெரிய எழுத்திலை தெளிவா அடிச்சு ஒட்டியிருக்கிற ஒரே வாசிப்புப் புத்தகம் அது தான், பேர், ஊர், தோற்றம், மறைவு, திகதி, திகதியைக் கழிச்சு எத்தினை வயசெண்டு கணக்கும் செய்யலாம். ஒரு பெட்டை முதல் முதலா முழுசா வாசிச்ச வசனம் "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய பிரார்த்திக்கின்றோம்", வாசிச்சுப்போட்டு சந்தோசத்திலை கை தட்டுறாள், ரோட்டிலை போன சனம் எங்களைப் பார்த்த பார்வை.

எழுத்துப் பிழையைப் பற்றி எங்களுக்குள்ளையே சண்டை. ரிட்டயர் ஆன ரீச்சருக்கு ல ள ழ பிழைச்சால் பொறுக்காது, சிவப்புப் பேனையை எடுத்திடுவா. நான் சொல்லுறது, பெடியன் தன்ர வாயிலை வாறதை எழுதட்டும், "நான் நேற்று கடலுக்கு போனன்" எண்டு அவன் எழுதினால் அதிலை என்ன குறை, முதல் எழுதட்டும், ஒரு பக்கம் எழுதுற தைரியம் வந்தாப் பிறகு ளகரமும் ழகரமும் வரும். ரீச்சர் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. ஆனால் சிவப்புப் பேனையை விட்டுப்போட்டு இப்ப பென்சிலாலை மெல்லமாக் கீறுறா, அது பெரிய விட்டுக்குடுப்பு எண்டு தான் எடுக்க வேணும்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேணும். ரைம்ரேபிள் போட்டு ஒட்டின ஆக்கள் நாங்கள். கடல் ரைம்ரேபிள் பார்க்காது. நண்டு நல்லாப் படுற நாளிலை பிள்ளையள் விடிய மூண்டு மணிக்கே எழும்புதுகள், பின்னேரம் ஆறரைக்கு வந்து இருந்தவுடனை தலை மேசையிலை. நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்புறேல்லை எண்டு ஒரு சட்டம் வைச்சிருக்கிறம். வாடைக் காத்து பேயா அடிச்சு வள்ளம் இறக்காத நாளிலை எல்லாரும் வருவினம், இடம் காணாது, அந்த நாளையளிலை தான் புதுப் பாடம். கடல் விட்ட நாளிலை திருப்பி மீட்டுறது மட்டும். இப்பிடி மாத்தினாப் பிறகு தான் வரவு கூடினது. மற்றது சாப்பாடு. ரீயும் பணிசும், சிலவேளை அவிச்ச கடலை, அதை வகுப்பு முடியத் தாறம் எண்டு சொல்லுறது பிள்ளையளைக் கட்டி வைக்கிற விளையாட்டு, முதலே குடுத்திட வேணும். பசியோட வகுத்தல் வராது.

தாய்மாரைப் பற்றி நல்லாக் கதைக்கிற ஆக்கள் குறைவு. "பெத்ததுகளுக்கு பொறுப்பில்லை" எண்டு லேசாச் சொல்லிடலாம். ஒரு தாய் எனக்கு லோன் காட்டைக் காட்டினவ, ஒண்டில்லை, மூண்டு. கிழமைக்கிழமை கட்டுற நுண்கடன். ஒண்டைக் கட்ட மற்றது எடுத்தது. அவவுக்கு வாசிக்க வராது, எவ்வளவு வட்டி எண்டு காட்டிலை இருக்கு, அவவுக்குத் தெரிஞ்சது செவ்வாய்க்கிழமை எவ்வளவு குடுக்க வேணும் எண்டது மட்டும். "உங்களுக்கென்ன பிள்ளை, மாசம் முடியச் சம்பளம். எனக்கு செவ்வாய்க்கிழமை வந்தால் லோன்காரர் முத்தத்திலை கதிரை போட்டு இருப்பினம், இவன் கொண்டு வாற ஆயிரத்தை நிப்பாட்டினால் நான் எதைக் குடுக்கிறது?" நான் ஒண்டும் சொல்லேல்லை, என்னட்டை பதில் இல்லை. அஸ்வெசும எண்ட அரசாங்கக் கொடுப்பனவு கிடைக்குது தான், கடனுக்கே போயிடுது. இலவசக் கல்வி, 1945 இலை இருந்து எங்கட நாட்டிலை பள்ளிக்கூடத்துக்கு கட்டணம் இல்லை, 1980 இலை இருந்து புத்தகமும் இலவசம், யூனிபோம் துணியும் தருகினம், உண்மை, பெரிய விசயம், கன நாட்டிலை இல்லை. ஆனால் துணியைத் தைக்கக் காசு. சப்பாத்து. போட்டோக்கொப்பி. விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்து ரீசேட். ஒவ்வொண்டும் சின்னக் காசு தான், கொண்டு போகாட்டில் வகுப்பிலை எழுப்பி விடுவினம், அந்த எழும்பி நிக்கிறதை விட கரையிலை நிக்கிறது மரியாதை எண்டு பெடியனுக்குப் படுது.

வீட்டுக் கடன் இப்பிடி இருக்கிற வரைக்கும் எங்கட வகுப்பு எவ்வளவு செய்யும்? கொஞ்சம் தான். அந்தத் தாய்ன்ர மகள், அன்ரனை விட இளையவள், இப்ப அந்தக் காட்டை வாசிச்சு எவ்வளவு கட்டியாச்சு எவ்வளவு மிச்சம் எண்டு தாய்க்குச் சொல்லுறாள். ஒரு தவணை கட்டினது பதியாமல் விடுபட்டதை அவள் தான் கண்டுபிடிச்சவள்.

பொம்பிளைப் பிள்ளையள் கதை இன்னொண்டு. அவையள் சந்தையிலை நிக்க மாட்டினம், அதாலை கண்ணிலை படாது. தாய் விடியக் கூலிக்குப் போனால் சமையல், தண்ணி அள்ளுறது, தம்பி தங்கச்சியைப் பார்க்கிறது, எல்லாம் பன்னிரண்டு வயசுப் பிள்ளை. இதை ஆரும் வேலை எண்டு எண்ணுறேல்லை, அவளே எண்ணுறேல்லை. எங்கட வகுப்புக்கு ஒருத்தி தம்பியை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வருவாள், அவன் கொப்பியைக் கிழிப்பான், சோக்கைத் தின்னுவான், ஒரே பம்பல். அவனுக்கெண்டு ஒரு பாய் போட்டு ஒராள் பார்க்கத் தொடங்கின பிறகு இன்னும் மூண்டு பேர் இப்பிடிக் குழந்தையளோட வந்தவை. அதுவரைக்கும் அவையள் ஏன் வரேல்லை எண்டு நாங்கள் "ஆர்வமில்லை" எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தது.

வெளிநாட்டிலை இருந்து உதவி செய்ய விரும்புற அண்ணைமார் அக்காமாருக்கு ஒரு விசயம், கோவிக்க வேண்டாம். பள்ளிக்கூட பாக் காணும். எங்கட ஊரிலை ஒரு பிள்ளையிட்டை மூண்டு பாக் இருக்கு, ஒவ்வொண்டிலையும் ஒவ்வொரு அமரரின்ர படம். குடுக்கேக்கை பிள்ளையை நடுவிலை விட்டு ரெண்டு பக்கமும் பெரியாக்கள் நிண்டு படம் எடுத்து பேஸ்புக்கிலை "வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாணவி" எண்டு போடுகினம், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பிலை முகத்தை எங்கை வைக்கிறது? நாங்கள் படம் எடுக்க விடுறேல்லை, அதாலை ரெண்டு பேர் காசு தராமல் போட்டினம், போகட்டும். உண்மையாத் தேவைப்படுறது பார்க்க வடிவில்லாத சாமான்கள், கரண்ட் பில், பணிஸ் கடைக் கணக்கு, ரெண்டு பிள்ளையளுக்கு பஸ் சீசன், ஒரு பிள்ளைக்கு கண்ணாடி. அந்தக் கண்ணாடிப் பிள்ளையை மொக்கு எண்டு நாலு வருசமா சொல்லிக்கொண்டு இருந்திருக்கினம், கரும்பலகையிலை எழுதினது தெரியேல்லை அவ்வளவும் தான்.

யாழ்ப்பாணத்தார் படிப்புக்குப் பேர் போனவை எண்டு நாங்களே எங்களைச் சொல்லிக்கொள்ளுவம். 1823 இலை வட்டுக்கோட்டைச் செமினரி, அதுக்குப் பிறகு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், ஓம், எல்லாம் சரி. ஆனால் 1930ஐ ஒட்டின காலத்திலை பள்ளிக்கூடங்களிலை எல்லாப் பிள்ளையளையும் சமமா வாங்கிலை இருத்த வேணும் எண்டு சம ஆசனம் வந்தவுடனை, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையள் தரையிலை இருந்து எழும்பி வாங்கிலை இருக்கிறதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைச்சதும் இதே யாழ்ப்பாணத்தார் தான். இப்ப நெருப்பு வைக்கிறேல்லை. இப்ப ரியூசன் இருக்கு. பள்ளிக்கூடத்திலை விட்டதை ரியூசனிலை பிடிக்கலாம் எண்டு வந்திட்டால், ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளை கடைசி வாங்கு தான், கடைசி வாங்கிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரியும், அதே ஊர்கள், அதே குடும்பங்கள்.

எங்கட வகுப்புக்கும் எதிர்ப்பு இருக்கு, அதுவும் நியாயமான எதிர்ப்பு. ஆந்திராப் பக்கம் எம்.வி. பவுண்டேசனை நடத்தின சாந்தா சின்ஹா, 2003 இலை மக்சேசே விருது வாங்கினவ, அவையளின்ர நிலைப்பாடு என்னெண்டால் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலை நிக்கிற எந்தப் பிள்ளையும் தொழிலாளி தான், அதுக்கு ராப்பள்ளிக்கூடம் வைக்கிறது வேலையை நியாயப்படுத்திறது, பகல்லை வேலை செய் இரவிலை படி எண்டு சொல்லுறது பணக்காரப் பிள்ளைக்குச் சொல்லாத விதி. அதுக்குப் பதிலா பிள்ளையளை வேலையிலை இருந்து முழுசா எடுத்து, கொஞ்ச மாசம் தங்கவைச்சு அடிப்படை படிப்பிச்சு, வயசுக்கேத்த வகுப்பிலை முழுநேரமாச் சேர்க்கிறது. எனக்கு இதை மறுத்துக் கதைக்க வாய் வரேல்லை. ஆனால் தங்கவைக்க எங்களிட்டை இடமும் இல்லை, ஆளும் இல்லை, காசும் இல்லை, இருக்கிறது ஒரு சனசமூக நிலையமும் ஒரு ரியூப் லைற்றும். அதாலை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளுறது, இந்த வகுப்பு பள்ளிக்கூடத்துக்குப் பதில் இல்லை, திருப்பி உள்ளை போறதுக்கான வழி. பிள்ளை வாசிக்கப் பழகினவுடனை பகல் பள்ளிக்கூடத்திலை ஒழுங்கா இருத்த வேணும், இருத்தாட்டில் எங்கட உழைப்பு பாதி வீண்.

அங்கை தான் இப்ப இடி விழுது. வலயக் கல்விப் பணிமனையிலை முறைசாராக் கல்வி எண்டு ஒரு பிரிவு இருக்கு, பிரதேச செயலகத்திலை சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், ஒண்டும் நடக்காட்டில் 1929 இருக்கு, பிள்ளையளுக்கு ஆபத்தெண்டால் அடிக்கிற ரெலிபோன் நம்பர். 1929 ஐ நாங்கள் அடிச்சனாங்கள், ஒரு பிள்ளை வீட்டு வேலைக்கு வேறை மாவட்டத்துக்குப் போகப்போறாள் எண்டு தெரிய வந்த நேரம், அது அடிக்க வேண்டிய இடம், யோசிக்கவே தேவையில்லை. ஆனால் தாயோட நண்டு கழட்டுற பிள்ளைக்கு அடிக்கிறதா? அடிச்சால் தாயைக் கூப்பிட்டு எச்சரிப்பினம், அடுத்த நாள் பிள்ளையும் வகுப்புக்கு வராது, தாயும் எங்களோட கதைக்காது. அந்த இடத்திலை நாங்கள் முதல் கிராம சேவையாளரையும் அந்த உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு வீட்டை போய் கதைக்கிறது.

பள்ளிக்கூடத்தோட கதைச்சது ஒரு தனிக் கூத்து. ஒரு அதிபர் நேரடியாவே சொன்னார், இந்தப் பிள்ளையளை ஒன்பதாம் ஆண்டிலை ஒழுங்கா வரவைச்சால் பதினோராம் ஆண்டு ஓஎல் சோதினைக்கு இருத்த வேணும், இருத்தினால் பள்ளிக்கூடத்தின்ர சித்தி வீதம் விழும், வலயத்திலை இருந்து என்னைக் கேப்பினம் எண்டு. மனுசன் பொய் சொல்லேல்லை, அவரையும் அந்த எண்ணைக் காட்டித் தான் அளக்கினம். ரெண்டு மூண்டு தரம் போய், ரீச்சர் தன்ர பழைய மாணவன் ஒராளைப் பிடிச்சு அவர் மூலமா ஒரு சொல்லுச் சொல்லி, கடைசியா அவர் ஒத்துக்கொண்டது இது. அன்ரனும் இன்னொரு பெடியனும் முதல் பாடம் முடிஞ்சு வந்தாலும் கேற்றிலை நிப்பாட்டக் கூடாது, வெளியிலை முழங்காலிலை இருத்தக் கூடாது, தமிழும் கணக்கும் நடக்கிற நேரத்திலை கட்டாயம் வகுப்பிலை இருக்க வேணும். சம்மாட்டியிட்டையும் போனம், அந்த ரெண்டு பேரும் காலமை ஆறரைக்கு கரையை விட்டு வெளிக்கிட வேணும் எண்டு. அவர் முதல் சிரிச்சார், பேந்து தன்ர மகள் ஏஎல் படிக்கிற கதையை அரை மணித்தியாலம் சொன்னார், பிறகு சரி எண்டார்.

அடுத்த தவணைக்கு இன்னும் நாலு பேருக்கு இப்பிடிக் கேக்க வேணும், அதிலை ஒருத்தி அந்தத் தம்பியை இடுப்பிலை வைச்சிருக்கிறவள், தம்பியை முன்பள்ளியிலை சேர்த்தால் தான் அவள் பள்ளிக்கூடம் போகலாம், முன்பள்ளிக்கு அவனுக்கு இன்னும் வயசு வரேல்லை. புதன்கிழமையளிலை ஆறரையிலை இருந்து எட்டு மணி வரைக்கும் சின்னப் பிள்ளையளைப் பார்க்க ஆரும் இருந்தால் வாங்கோ, படிப்பிக்கத் தெரிய வேணும் எண்டில்லை, சோக்கை ஒளிச்சு வைக்கத் தெரிஞ்சால் காணும்.